எந்தப் பக்கம் மேல்

உ
தோட்டத்து வீடு, மல்லசமுத்திரம்
விக்கிரம வருஷம், தை மாதம் 12

தம்பி மகன் தங்கசாமிக்கு, பெரியப்பன் நாச்சிமுத்து என் சொந்தக் கையால் எழுதுவது.

மேலே இருக்கிற வரியை இன்னொரு தடவை படி. என் சொந்தக் கையால். அறுபத்தாறு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. போன ஆடியில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். சண்முகவேல் வாத்தியார் நடத்துகிறார். பதினொரு பேர் சேர்ந்தோம். ஒன்பது பேர் ஓடிவிட்டார்கள். நானும் பக்கத்துத் தோட்டத்து ராசப்பனும் மிச்சம். அவனுக்கு இன்னும் 'ண'வில் எத்தனை சுழி என்பதில் தகராறு. எனக்கு எல்லாம் வந்துவிட்டது. முதல் 'ழ'வை வாசலில் கரியால் போட்டுவிட்டு, கோழி மிதிக்காமல் சாயந்திரம் வரை காவல் இருந்தேன்.

கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று வாத்தியார் ஒரு நீளமான வடமொழி வார்த்தை சொன்னார். அதில் எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. விட்டுவிட்டேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

பதினைந்து வருஷமாக நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. வாத்தியாருக்குப் பட்டணத்திலிருந்து தீபாவளி மலர் ஒன்று வந்தது. அதில் ஒரு படம். படத்துக்கு அடியில் நம் ஊர்ப் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குப் பக்கத்தில் உன் பெயர். மூன்று தடவை படித்தேன். எனக்கே நம்பிக்கை வராமல் ராசப்பனைக் கூப்பிட்டேன். "தங்கச்சாமின்னு போட்டிருக்குதுங்கண்ணா. 'ச்' மட்டும் உட்டுப்போச்சு" என்றான். பெயர் உன்னுடையதுதான். அதனால் பத்திரிகை ஆபீஸ் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

தெரியாத வார்த்தை வந்தால் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் படி என்பார் வாத்தியார். உன் படத்தையும் அப்படியே படித்தேன். சரியா என்று பார்.

அடியில் பனைமரங்கள். தலை கீழே, வேர் மேலே. "ஏனுங் வாத்தியாரே, இது சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் பக்கத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு, "இந்தப் புது மாதிரிப் படமெல்லாம் கனவாட்டம் இருக்குமுங்க. மரம் ஆகாசத்துல தொங்கும், மீனு மரத்துல ஏறும். ஏன்னு கேக்கப்படாது" என்றார். சரி, கேட்கவில்லை.

வலது பக்கம் முட்டை வடிவில் ஒன்று, உள்ளே வளைந்து வளைந்து கோடுகள். அது கட்டைவிரல் ரேகை. நான் கைநாட்டு வைக்கிறவன் என்று கேலி செய்திருக்கிறாய். போகட்டும். இடது பக்கம் ஏதோ கிடக்கிறது. பாதி தின்ற பணியாரம் என்கிறான் ராசப்பன். எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. மேலே மூலையில் ஒரு எழுத்து இருக்கிறது. எனக்குத் தெரிந்த இருநூற்று நாற்பத்தேழில் அது இல்லை. பட்டணத்தில் புதிதாக ஏதாவது சேர்த்திருக்கிறார்களா?

இனி நடுவுக்கு வருகிறேன். வரப் பயந்துதான் ஓரத்தையெல்லாம் முதலில் எழுதினேன்.

உச்சியில் வட்டமாக ஒரு வாய், சுற்றிலும் வெளிச்சம். வாத்தியார் சந்திரன் என்றார். அவர் கிணற்றுக்குள் இறங்கினவர் இல்லை. தூர் வாரும்போது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கிணற்றின் வாய் அப்படித்தான் தெரியும். அந்த வாயை நோக்கி ஒரு வெள்ளைச் சேலை போகிறது. பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை. உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் இடுப்பின் வளைவு இருக்கிறது, முந்தானை மேலே பறக்கிறது. அது உன் அம்மா பொன்னாத்தாளின் சேலை. அவள் கிணற்றை விட்டு வெளியே போகிறாள்.

ஆக, உனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன். நான் செய்தது தப்பு. தெரிந்தே செய்தேன். அதைப் படமாகப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டினாயே, அதுவும் சரிதான்.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது.

நாச்சிமுத்து
(இது கையெழுத்து. ரேகை இல்லை.)

*

சென்னை
21-2-1941

பெரியப்பா அவர்களுக்கு,

பத்திரிகை ஆபீசிலிருந்து உங்கள் கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். உறையைப் பார்த்ததும் யாரோ குழந்தை எழுதியிருக்கிறது என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் சந்தோஷம். ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று நான் அழுதபோது, "ஏர் புடிக்கற கைக்கு எழுத்தெதுக்குடா?" என்றீர்கள். ஞாபகம் இருக்கும். வீட்டை விட்டு வந்து நாடகக் கம்பெனியில் திரைச்சீலை தீட்டச் சேர்ந்த பிறகு, அங்கே ராஜபார்ட் போட்டவர் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். இப்போது சினிமா ஸ்டூடியோவில் இருக்கிறேன். அரண்மனையும் நந்தவனமும் துணியில் தீட்டுவது வயிற்றுக்காக. நீங்கள் பார்த்தது போன்ற படங்கள் எனக்காக.

பிரஞ்சு தேசத்தில் சிலர் இப்படி வரைகிறார்கள். கனவில் வருவதைக் கூட்டாமல் குறைக்காமல் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற மெய்க்கு மேலே இன்னொரு மெய் உண்டு என்பது அவர்கள் கட்சி. இங்கேயும் நாலைந்து பேர் அந்த வழியில் முயற்சி செய்கிறோம். இது இன்னது என்று அந்தப் படங்களுக்கு உரை சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்லிவிட்டதால், திருத்தியாக வேண்டும்.

முதலாவது, படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். நேரில் போய்ச் சண்டை போட்டேன். "இதுல யாருக்கு சார் வித்தியாசம் தெரியப்போறது?" என்றார் அங்கே இருந்தவர். நீங்கள் பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள். பனைகள் ஒழுங்காக நிற்கும். மூலையில் இருப்பது 'த'. என் பெயரின் முதல் எழுத்து. இருநூற்று நாற்பத்தேழில் அது உண்டு.

ரேகை உங்கள் ரேகை அல்ல. உழுத மேட்டுக்காடு. நான் படம் வரையும்போது உங்களை நினைப்பதில்லை. பணியாரம் என்றது ஒரு காது. தரையில் கிடக்கும் அந்தக் காது எதற்காக என்று எனக்கே தெரியாது. எந்தப் படத்தைத் தொடங்கினாலும் அது வந்து கிடக்கிறது.

கிணற்றின் வாய் மேலே இல்லை, கீழே இருக்கிறது. சேலை வெளியே போகவில்லை. தலைகுப்புற விழுகிறது. எனக்கு ஏழு வயதில் அம்மா கிணற்றில் முழுகிச் செத்தாளே, அந்தக் கோலம் அது. எனக்கு வருகிற ஒரே கனவு. பதினேழு வயதில் கம்பு கொட்டி வைக்கிற அறைச் சுவரில் கரியால் அதைத்தான் வரைந்தேன். நீங்கள் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தீர்கள். பிறகு சாட்டையை எடுத்தீர்கள். அன்றைக்குத்தான் நான் புறப்பட்டது.

ஒன்று கேட்கிறேன். எனக்கு என்ன தெரிந்துவிட்டது என்கிறீர்கள்?

தங்கசாமி

*

உ
மல்லசமுத்திரம்
விக்கிரம வருஷம், மாசி 29

தங்கசாமிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் வழக்கம்போல் படித்துக் காட்ட உறையைப் பிரிக்கப் போனார். "கையெடுங்க, நானே படிச்சுக்கறன்" என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு படித்தேன். படித்தபின் அந்தச் சந்தோஷம் இல்லை.

பக்கத்தைத் திருப்பினேன். 'த' வந்தது. பனை நிமிர்ந்தது. சேலை விழுந்தது. மறுபடி திருப்பினேன், போகிறாள். திருப்பினேன், விழுகிறாள். "ஏனுங்கண்ணா, விசிறியாட்டம் அதையே திருப்பித் திருப்பிப் புடிக்கறீங்க?" என்று ராசப்பன் கேட்டான்.

நீ கேட்டதற்குப் பதில். அது ஒன்றும் இல்லை. தலைகீழாக இருந்த படத்தை ஒரு கிழவன் தப்பாகப் படித்துவிட்டான். புதிதாகப் படிக்கிறவனுக்கு அப்படி ஆகும்.

இங்கே மழை இல்லை. ஆமணக்கு காய்ந்துவிட்டது. பென்சில் முனை உடைந்துவிட்டதால் இத்துடன் நிறுத்துகிறேன். கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

நாச்சிமுத்து

*

சென்னை
17-3-1941

பெரியப்பா,

நீங்கள் பென்சிலை ரொம்ப அழுத்தி எழுதுகிறீர்கள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலால் தடவிப் படித்தேன். 'அவள் விழவில்லை' என்று இருக்கிறது.

மழையைப் பற்றி எழுத வேண்டாம். என் அம்மா எங்கே?

தங்கசாமி

*

உ
மல்லசமுத்திரம்
விக்கிரம வருஷம், பங்குனி 16

தங்கசாமிக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் அடிக்கப் போவதில்லை. தப்பாக எழுதினாலும் அப்படியே இருக்கும்.

உன் அப்பன் சின்னண்ணன் காய்ச்சலில் போனபோது உனக்கு ஐந்து வயது. உன் அம்மாவுக்கு இருபத்திரண்டு. நம் வழக்கப்படி மூத்தாருக்கு எதிரில் அவள் நிற்க மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று உன் பெரியம்மாவிடம் சொல்வாள். எனக்கு அவள் குரல் மட்டும்தான் தெரியும். அதுவும் இரண்டு வருஷத்தில் குறைந்துகொண்டே வந்தது.

வெண்ணந்தூர்க் கைலாசம் சேலை மூட்டையைச் சுமந்துகொண்டு தோட்டம் தோட்டமாக வருவான். நெசவுக்காரன். நம் ஜாதி இல்லை. ஓர் ஐப்பசியில் அவள் அவனோடு போய்விட்டாள். உன்னை விட்டுவிட்டுப் போனாள் என்று நினைக்காதே. உன்னையும் தூக்கிக்கொண்டுதான் போனாள். பாதி வழியில் வண்டியை மறித்து, அவள் மடியிலிருந்து உன்னைப் பிடுங்கி வந்தவன் நான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் கத்தவில்லை. கத்தினால் நீ பயந்து எழுந்துவிடுவாய் என்று கத்தவில்லை போலிருக்கிறது. இதை இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

மறுநாள் காலையில் பங்காளிகள் எல்லாரும் நம் கிணற்றில் இறங்கித் தலைமுழுகினோம். ஓடிப்போனவளைச் செத்தவளாக வைத்து, உறவு அற்றது என்று முழுகுகிற முழுக்கு. உன் தலையிலும் தண்ணீர் ஊற்றினேன். "அம்மா எங்கீங் பெரியப்பா?" என்றாய்.

"உங்கம்மாளா? தலமுழுகியாச்சு, சாமி" என்றேன்.

நீ கிணற்றைப் பார்த்தாய். அப்புறம் கேட்கவில்லை.

உன் அம்மாவைத் தலைமுழுகினோம் என்று நான் சொன்னேன். உன் அம்மா தலை முழுகினாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். நடுவில் ஒரு 'ஐ' விட்டுப்போயிற்று. வாத்தியாரைக் கேட்டேன். அது இரண்டாம் வேற்றுமை என்கிறார். 'ச்' விட்டுப்போச்சு என்று ராசப்பன் சொன்னதற்குச் சிரித்தேன். நான் விட்ட எழுத்தில் உன் அம்மா கிணற்றில் கிடக்கிறாள்.

அன்றைக்கு அது வாய் தவறியதுதான். நீ தப்பாகப் புரிந்துகொண்டது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகு நான் சும்மா இருந்தேனே, அதுதான் பாவம்.

அந்தக் கோடையில் கிணற்றைத் தூர் வாரினோம். நீ மேட்டில் வந்து உட்கார்ந்தாய். இரண்டாம் நாள், "ஏனுங் பெரியப்பா, தண்ணிய முச்சூடும் எறச்சுப்போட்டா அம்மா கெடைக்குமுங்களா?" என்று கேட்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் கேக்கப்படாது சாமி" என்றேன். நீ எழுந்து போகவில்லை. மூன்று நாள் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தாய். அடி தெரிந்தது. ஒரு பித்தளைச் சொம்பும் தவளைகளும்தான் இருந்தன. கீழே சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வட்டமான வாய், சுற்றிலும் வெளிச்சம், அதன் ஓரத்தில் உன் தலை. நீ என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாய்.

வாத்தியாருக்குச் சந்திரனாகத் தெரிந்தது எனக்குக் கிணறாகத் தெரிந்தது அதனால்தான்.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததும் அதற்காகத்தான். ஊர்ப் பிள்ளைகள் வாய் சும்மா இருக்காது. தோட்டத்துக்கு வந்துபோகிற பெரியவர்களுக்கு என் சாட்டை தெரியும். இன்றைக்கு எனக்கு எழுத்துக் கூடும்போதெல்லாம் சந்தோஷம் பொங்குகிறது. உடனே, இதைத்தானே அவனுக்குக் கொடுக்காமல் வைத்தோம் என்று தோன்றுகிறது.

உனக்குப் பன்னிரண்டு வயதில் அவள் சந்தைக்கு வந்து என் எதிரில் நின்றாள். கதவு இல்லாமல் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "ஒருக்கா மொகத்தப் பாத்துப்போட்டுப் போயிர்றனுங்க" என்றாள். "நீ செத்துப்போயிட்டீன்னு அவன் நெனச்சுட்டிருக்கறான். நீயா வந்து கெடுக்காத" என்றேன். "அப்பச் செத்தவளாவே இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஓடிப்போனவள் மகனாக இருப்பதைவிடச் செத்தவள் மகனாக இருப்பது உனக்கு நல்லது என்று நினைத்தேன். உனக்கு என்று எழுதிவிட்டேன். அடிப்பதில்லை என்று சொன்னதால் அப்படியே விடுகிறேன். ஆனால் அது எனக்கு என்றுதான் இருக்க வேண்டும். பங்காளிகள் நடுவில் என் தலை நிமிர்ந்து இருப்பதற்காக. உன் பெரியம்மா சௌந்திரம் சாகிற நாளில்கூட, "பையனுக்குச் சொல்லிப்போடுங்க" என்றாள். தலையை ஆட்டினேன். சொல்லவில்லை.

உன் அம்மா வெண்ணந்தூரில் இருக்கிறாள். இங்கிருந்து பத்து மைல். போன வாரச் சந்தையில் விசாரித்தேன். உயிரோடு இருக்கிறாள்.

நாச்சிமுத்து

*

சென்னை
4-4-1941

பெரியப்பா,

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் பாதி தீட்டிய அரண்மனைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாம் நாள் என் அறையில் இருந்த படங்களையெல்லாம் எடுத்துச் சுவரோரம் நிறுத்தினேன். இருபத்தாறு படங்கள். எல்லாவற்றிலும் கிணறு, எல்லாவற்றிலும் விழுகிற சேலை, எல்லாவற்றிலும் அந்தக் காது.

காது எதற்காக என்று இப்போது தெரிகிறது. கேட்டதைத் தப்பாகக் கேட்ட காது. என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஒவ்வொரு படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அறை முழுக்க அம்மா மேலே போய்க்கொண்டிருந்தாள். அச்சாபீஸில் எவனோ கவனம் இல்லாமல் செய்தது சரியாகவும், நான் இத்தனை வருஷம் கவனமாக வரைந்தது தப்பாகவும் ஆகிவிட்டது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. வரவில்லை.

உங்களை மன்னித்தேன் என்று எழுத முடியாது. எழுதினால் பொய். அந்த மூன்று நாள் வெயில் என் முதுகில் இன்னும் இருக்கிறது.

அம்மாவைப் பார்க்க உடனே புறப்பட நினைத்தேன். ரயிலடி வரை போய்த் திரும்பிவிட்டேன். என் முகத்தை அவளிடமிருந்து மறைக்க வேண்டும் என்றுதானே அவளைச் செத்தவளாக இருக்கச் சொன்னீர்கள். இப்போது திடீரென்று வாசலில் போய் நின்றால் அவள் என்னைப் பார்க்க விரும்புவாளா? அவளைச் செத்தவள் என்று நினைத்து இருபத்தைந்து வருஷம் தேடாமல் இருந்த மகனை?

அதனால் நீங்கள் முதலில் போக வேண்டும். உங்களுக்குத் தண்டனையாக இதைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் மேல் என்று அவளிடம் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். நான் வரலாமா என்று கேளுங்கள். அவள் சொல்வதை அங்கேயே உட்கார்ந்து, ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு வேண்டாததை விட்டால் எனக்குத் தெரியும். நான் இப்போது தாளின் இரண்டு பக்கத்தையும் படிக்கிறவன்.

தங்கசாமி

*

உ
வெண்ணந்தூர், கைலாசம் வீடு
விஷு வருஷம், சித்திரை 8

தங்கசாமிக்கு,

தறிச் சத்தத்தில் எழுதுகிறேன். கோடு ஆடினால் அதுதான் காரணம்.

காலையில் வந்தேன். உன் அம்மா வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பழைய பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் போகப் போனாள். போகவில்லை, நின்றாள். "பையனுக்கு ஏதாச்சுங்களா?" என்று கேட்டாள். முதல் கேள்வியே அதுதான். "நல்லா இருக்கறான்" என்றேன். அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். தலைமுழுகிய பேச்சை, நீ தப்பாகக் கேட்டதை, நான் திருத்தாததை, தூர் வாரினதை. கிணற்று மேட்டில் மூன்று நாள் நீ உட்கார்ந்திருந்தாய் என்றதும் அவள் கையில் இருந்த நூல் அறுந்துவிட்டது. கைலாசம் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை, தறியையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தறி கொஞ்ச நேரம் நின்றது.

உன் அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

"அவன் எழுதச் சொன்னானுங்களா? அப்ப எழுதிக்கோங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுத்துப் பிழை என்னுடையது. மற்றது அவளுடையது.

"சாமி தங்கசாமி. இது உன்ற அம்மா. என்ற பக்கத்துல உக்காந்து எழுதறாரே உன்ற பெரியப்பன், இவரு மனுசனே இல்லீங்க. எழுதுங்க, ஏன் நிறுத்தறீங்க? மனுசனே இல்லீங்கன்னு எழுதுங்க. பெத்தவ மடியில இருந்து புள்ளயப் புடுங்கின கை. இந்தக் கை புழுத்துப் போகோணுமுன்னு நான் மாரியம்மனுக்கு வேண்டியிருக்கறன். வேண்டினது நெசந்தானுங்க, உங்க மொகத்துக்கு நேராவே சொல்றன். புழுக்கலை. எழுத்துப் படிச்சுட்டு வந்திருக்குது."

இந்த இடத்தில், "புழுத்து எப்படி எழுதறது, 'ழு'வா 'லு'வா?" என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "என்ன முழிக்கறீங்க?" என்றாள். சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். 'ழு' போட்டிருக்கிறேன்.

படத்தைக் கையில் கொடுத்தேன். எந்தப் பக்கம் மேல் என்று சொல்லவில்லை. முதலில் நீ வரைந்த மாதிரி பிடித்தாள். பிறகு அச்சடித்த மாதிரி. பிறகு, தங்கசாமி, நாம் இரண்டு பேரும் நினைக்காத ஒன்றைச் செய்தாள். குறுக்காகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பனைமரமெல்லாம் படுத்துக்கொண்டது. சேலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நீளமாகக் கிடந்தது. இதையும் அவள் வாயால் சொல்கிறபடி எழுதுகிறேன்.

"இது என்ன கெணறு? கெணறுமில்ல ஒண்ணுமில்ல. நெய்ஞ்ச துணியச் சுருட்டற மரம் இருக்குதல்ல, அதோட முனை வட்டமா இப்பிடித்தான் தெரியும். அந்தப் பக்கம் வளஞ்சு வளஞ்சு கோடு போட்டுக் கெடக்கறது நூல்கண்டு. உள்ளுக்கு ஆளில்லாத சேலைன்னு பயந்துக்கறானா? தறியில கெடக்கற எந்தச் சேலைக்குள்ள ஆளிருக்குது? இன்னும் ஆரும் உடுத்தல, அவ்வளவுதான். உடுத்தறவ இனித்தான் வரோணும். இத்தன நாளு செத்தவளாவே இருந்துட்டன், இனி என்னால முடியாது. பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. வாரப்ப இந்தப் படத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கரை போடாம உட்டிருக்கறான். கரையில்லாத சேலை என்ற தறியிலிருந்து எறங்கினதில்ல. செகப்புக் கரை போடச் சொல்லுங்க."

தரையில் கிடக்கிற காதை மட்டும் அவள் வெகுநேரம் பார்த்தாள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லச் சொல்லவில்லை. "இது அவனோட காதுங்க" என்றாள். "எடது காது. கீழ்மடல்ல சின்னதா ஒரு வெட்டு இருக்குது பாருங்க. தொட்டில் கம்பி கிழிச்சுது. நாந்தான் மஞ்ச வெச்சன்." நான் குனிந்து பார்த்தேன். இருக்கிறது. உன்னைப் பத்து வருஷம் வளர்த்தேன். அந்த வெட்டு எனக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். என்னைத் திட்டின இடத்தில், "சத்தமாப் படிங்க, தறியில கேக்கல" என்றாள். சத்தமாகப் படித்தேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு வார்த்தை விடவில்லை.

அடியில் அவள் கைநாட்டு வைத்திருக்கிறாள். மை இல்லை. சாயத் தொட்டியில் விரலை நனைத்து வைத்தாள். அதனால்தான் சிவப்பாக இருக்கிறது. நான் அந்த ரேகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படித் திருப்பினாலும் அவளுடையதுதான்.

நாச்சிமுத்து